டெல்டாவை வைத்து ஒரு ரோல்பிளேயிங் விளையாட்டு: விதிகளை எங்கிருந்து தொடங்குவது?

கும்பகோணத்தில் படிக்கும் நண்பர்கள் சிலர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. வாரக் கடைசியில் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஆடுகிறார்கள். காவிரி டெல்டா போன்ற ஒரு கற்பனை நாட்டை வைத்துச் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்ய ஆசை. ஊர்களின் வரலாறு, அரக்கர் பட்டியல், நீளமான ஆயுதப் பட்டியல் எல்லாம் எழுதியாகிவிட்டது. ஆனால் உட்கார்ந்து ஆடினால் பெயர் மட்டும் மாறிய பழைய விளையாட்டாகவே இருக்கிறதாம். "விதிகளை உருவாக்குகிறவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்? எந்தப் பகடையை எடுப்பது? விதி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மற்ற விளையாட்டின் விதிகளை எடுத்தாளச் சட்டம் விடுமா?" என்று கேட்கிறார்கள்.

இந்த வகை விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி: ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள், முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருளும்.

முதலில் அந்த ஆயுதப் பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். 1974-இல் வந்த முதல் டி அண்ட் டி-யில் கத்தியோ வாளோ கோடரியோ, எதால் அடித்தாலும் சேதம் ஒன்றுதான்: ஒரு ஆறுமுகப் பகடையில் விழும் எண். ஆயுதத்துக்கு ஆயுதம் சேதம் மாறும் முறை 1975-இல் கிரேஹாக் என்ற துணைநூலில்தான் வந்தது. அதற்கு முன்பே விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எது இல்லாமலும் ஆட முடியுமோ அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

அப்படியானால் முதலில் எழுத வேண்டியது எது? விளையாடுபவர்கள் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அது. எதைத் தாளில் எண்ணி எழுதச் சொல்கிறீர்களோ அதைச் சுற்றித்தான் மேசையில் பேச்சு நடக்கும். வாளின் சேதத்தை மட்டும் எண்ணச் சொன்னால், எவ்வளவு அழகான ஆற்றங்கரைக் கதையை முன்னுரையில் எழுதி வைத்தாலும் சண்டைதான் நடக்கும். உங்கள் விளையாட்டுக்கு நேர்ந்திருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய விதிகள் பிறந்த கதையைப் பார்த்தால் இது புரியும். 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர்ப் பயிற்சி விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்துவார்கள். நடுவர் ஒருவர் பகடையும் அட்டவணையும் வைத்துக்கொண்டு இழப்பைக் கணக்கிடுவார். நாளடைவில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் நத்தை வேகத்துக்கு வந்தது. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவரே முடிவு சொல்லட்டும் என்றார். எதை விதியில் எழுதுவது, எதை நடத்துபவரின் கையில் விடுவது என்ற இழுபறி அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்றைய வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் அதே கேள்வியோடுதான் உட்காருகிறார்.

அப்புறம் அமெரிக்கா. 1969 வாக்கில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி ஒரு போர் விளையாட்டில் படைத்தளபதிகளோடு கூட நகரத்து ஆட்களின் வேடங்களையும் நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் போரை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேரம் பேசவும் சூழ்ச்சி செய்யவும் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னெசன் இதை வளர்த்து பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டில் ஆட்டம் நடத்தினார். பின்னாளில் ஆர்னெசனோடு சேர்ந்து டி அண்ட் டி-யை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் அவர் நண்பர் ஜெஃப் பெரனும் 1971-இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற போர் விதிகளை முதலில் பயன்படுத்தினார். ஒரு காய் பல வீரர்களைக் குறிக்கும் ஆட்டத்தில், அடி பட்டால் காயை எடுத்துவிடுவது சரி. ஆனால் வாரக்கணக்கில் ஒரே பாத்திரத்தை வளர்த்தவர், ஒரே அடியில் அது போவதை ஏற்பாரா? அதனால் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கும் ஹிட் பாயிண்ட் முறை வந்தது. கப்பல் சண்டைக்குத் தான் எழுதி வைத்திருந்த விதிகளிலிருந்து அதை எடுத்ததாக ஆர்னெசனே சொல்லியிருக்கிறார். கப்பல்தான் ஓட்டை விழ விழக் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கும். அந்தக் கணக்கு மனிதனுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு விதி, மேசையில் எழுந்த ஒரு மனக்குறைக்குக் கிடைத்த தீர்வாகத்தான் பிறந்தது.

எண்ணுவதைப் பற்றி இன்னொரு சான்று. ஆரம்ப கால டி அண்ட் டி-யில் ஒரு பொற்காசைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தால் ஒரு அனுபவப் புள்ளி; பாத்திரம் வளர்வது இந்தப் புள்ளிகளால்தான். அரக்கனைக் கொன்றால் கிடைப்பது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆகவே கெட்டிக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். தூங்கும் பூதத்தைத் தாண்டிப் பூனைநடை போட்டார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், ஏமாற்றினார்கள். கூடவே, நிலவறையில் பத்து நிமிடம் ஒரு சுற்று என்று கணக்கு. அவ்வப்போது பகடையை உருட்டி ஆறில் ஒரு வாய்ப்பில் திரியும் மிருகம் எதிர்ப்படும். தீப்பந்தம் எரிந்து தீரும். மூன்றும் தனித்தனி விதிகள் போலத் தெரியும். சேர்த்துப் பார்த்தால் சொல்வது ஒன்றுதான்: உள்ளே நேரம் செலவாகிறது, சீக்கிரம் முடிவெடு. பின்னால் வந்த பதிப்புகளில் அரக்கரைக் கொல்வதே புள்ளிக்கு முக்கிய வழியானது, ஆட்டமும் சண்டைப் பக்கம் சாய்ந்தது.

மற்றவர்கள் வேறு எதை எண்ணினார்கள் என்றும் பாருங்கள். 1978-இல் வந்த ரூன்குவெஸ்டில் எந்தத் திறமையைப் பயன்படுத்தினாயோ அதுதான் வளரும். 1981-இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த கால் ஆஃப் கதுலுவில் மனத்தெளிவுக்கு ஓர் எண் உண்டு. பயங்கரங்களைக் காணக் காண அது கரையும், ஆகவே உண்மையைத் தெரிந்துகொள்வதே ஆபத்தாகிறது. 1985-இல் கிரெக் ஸ்டாஃபர்ட் செய்த பென்ட்ராகனில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். பிறகு குளிர்காலக் கட்டம் வரும். விளைச்சல் எப்படி, குழந்தை பிறந்ததா, குதிரை பிழைத்ததா என்று பகடை போடுவார்கள். பாத்திரம் மூப்படையும், மகன் அல்லது மகள் கதையைத் தொடர்வார்.

உங்களுக்கு நான் முதலில் படிக்கச் சொல்வது இந்தப் பென்ட்ராகனைத்தான். காரணம், டெல்டாவும் ஆண்டுச் சக்கரத்தில் ஓடும் நாடு. சோழ நாட்டுக் கதை என்றதும் யானைப்படையும் அரண்மனைச் சதியும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அவற்றை வேறு எந்த நாட்டிலும் வைக்கலாம். இந்த மண்ணில் மட்டுமே நடக்கக்கூடிய கதை தண்ணீர்க் கதை.

மேட்டூர் அணை 1934-இல்தான் வந்தது. அதற்கு முன்பு குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை நேராகக் கல்லணைக்கு வந்து சேரும். தேக்கி வைத்துத் திறக்கும் வசதி கிடையாது. கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் பிரிந்து, கிளையாறு, வாய்க்கால், கன்னி என்று மெலிந்து மெலிந்து கடைமடைக்குப் போகும். மிஞ்சியது கொள்ளிடத்தில் வடியும். ஆனியில் தண்ணீர் வந்து சேருமா என்று பயம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை டெல்டாவிலேயே கொட்டும்போது தண்ணீர் வடியுமா என்று பயம். ஒரே வயலுக்கு ஆறு மாதத்துக்குள் நேர் எதிரான இரண்டு பயம். விளையாட்டு வடிவமைக்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது. பாதி வேலையை ஆறே செய்து கொடுத்திருக்கிறது.

இதை விதியாக்குவது எப்படி? நான் செய்வதாக இருந்தால், விளையாடுபவர்கள் எல்லோரும் ஒரே ஊரின் நீர்க்காவலர்கள் என்று வைப்பேன். ஊருக்கென்று ஒரு தாள், அதில் மூன்றே எண்கள்: களஞ்சியத்தில் எத்தனை கலம் நெல், வயலில் எவ்வளவு ஈரம், அக்கம்பக்கத்து ஊர்கள் நம்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. பொற்காசு வேண்டாம். கூலி, லஞ்சம், கோயில் கொடை, பஞ்சத்து உதவி எல்லாம் நெல்லில். ஒரு கலத்துக்கு 12 மரக்கால் என்ற பழைய அளவே போதும்.

மேல்மடையில் பலகையைத் தூக்கி நம் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பினால் ஈரம் ஒன்று ஏறும், கீழே இருக்கும் ஊரின் நம்பிக்கை ஒன்று இறங்கும். இவ்வளவுதான் விதி. ஆனால் இது என்ன செய்கிறது பாருங்கள். ஒவ்வொரு முறையும் மேசையில் ஒரு விவாதம் கிளம்பும். "போன வருஷம் வெள்ளத்தில் நமக்குப் படகு கொடுத்தவர்கள் அவர்கள்தானே?" என்று ஒருவர் கேட்பார். "நாற்று கருகுகிறது, இப்போது அதைப் பார்த்தால் முடியுமா?" என்று இன்னொருவர் சொல்வார். பகடையே உருளாமல் அரை மணி நேரம் நல்ல ஆட்டம் நடக்கும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்றை இழக்க வேண்டியிருக்கிற முடிவை அடிக்கடி உண்டாக்கும் விதியைத்தான் நல்ல விதி என்பேன்.

ஆண்டை நான்கு கட்டமாகப் பிரிக்கலாம்: தண்ணீர் வருவது, நடவு, மழை, அறுவடை. ஒரு கட்டத்துக்கு ஒரு சாகசம். பேய், மாயம், கடலுக்கு அடியில் இருந்து வரும் பகை எல்லாம் இந்தக் கட்டங்களுக்குள் வரட்டும். மழைக்கட்டத்தில் கரை உடையும் அபாயத்தை ஒரு வட்டமாக வரைந்து, ஆறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு தவறுக்கும் ஒரு துண்டை நிரப்பலாம். ஜான் ஹார்ப்பர் 2017-இல் வெளியிட்ட பிளேட்ஸ் இன் தி டார்க் இந்த வட்டங்களை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறது. மேசை நடுவே நிரம்பிக்கொண்டு வரும் வட்டத்தைப் பார்க்கும்போது, "ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது" என்று நடத்துபவர் வாயால் சொல்வதைவிடப் பதற்றம் அதிகம்.

சரி, பகடைக்கு வருவோம். எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள், ஆனால் இது இரண்டாவது வேலை. பகடையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே எத்தனை விதமான முடிவுகள் வேண்டும், திறமை எவ்வளவு தூரம் அதிர்ஷ்டத்தை வெல்ல வேண்டும் என்பது.

இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீதம். ஒரு புள்ளி கூடினால் எப்போதும் 5 சதவீதம் கூடும்; கணக்கு எளிது, ஆனால் ஏற்ற இறக்கம் பெரிது. தேர்ந்த வீரனும் அடிக்கடி சறுக்குவான். 2014-இல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, பகடையில் விழுந்த எண்ணோடு கூட்டும் குட்டிக் குட்டிச் சலுகைப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டு, சாதகமான நிலையில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு என்றது. 11-ஓ அதற்கு மேலோ வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது; பாதகத்தில் 25 ஆகிறது. கூட்டல் கழித்தலே இல்லை. அந்தப் பதிப்பின் மிக நல்ல விதி இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டு ஆறுமுகப் பகடையைக் கூட்டினால் நடு எண்கள் அதிகம் விழும். வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010-இல் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு அந்த நடுப்பகுதியைத்தான் பயன்படுத்திக்கொண்டது. 10-ஓ அதற்கு மேலோ என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் வெற்றி உண்டு ஆனால் விலை கொடுக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் நடத்துபவர் நிலைமையை மோசமாக்குவார். சலுகை எதுவும் இல்லாதவருக்கு முழு வெற்றி 36-இல் 6, விலையோடு வெற்றி 15, தோல்வி 15. சலுகை இரண்டு இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே திரும்பி 15, 15, 6 ஆகிவிடும். கதையை முன்னே தள்ளுவது அந்த "விலையோடு வெற்றி" தான்.

இனி நம் வீட்டுப் பகடை. தாயக்கட்டையை ஏன் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? பித்தளையில் நீளமான இரண்டு கட்டைகள், ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். உருட்டினால் 16 சேர்க்கைகள். இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு, 16-இல் ஒன்று. தாயம் 16-இல் இரண்டு. இரண்டு விழ மூன்று வழி, மூன்று விழ நான்கு, நான்கு விழ மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. பல வீடுகளில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் உண்டு. அது 16-இல் 6, அதாவது 37.5 சதவீதம். இந்தக் கணக்கில் ஒருவரின் முறையில் சராசரியாக 1.6 தடவை உருளும்.

இதை அப்படியே விதியாக்கலாம். நான்கும் அதற்கு மேலும் வெற்றி என்று வைத்தால் பன்னிரண்டையும் சேர்த்து 16-இல் 7, ஏறக்குறைய 44 சதவீதம். கைதேர்ந்தவருக்கு ஒரு புள்ளி சலுகை கொடுத்தால் 16-இல் 11, அதாவது கிட்டத்தட்ட 69. இரண்டு கொடுத்தால் 87.5. பார்த்தீர்களா, இந்தக் கட்டையில் ஒரு புள்ளி என்பது மிகப் பெரிய சலுகை. ஆகவே திறமைக்கு இரண்டு படிக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாவது படி வந்தால் பகடையை உருட்டுவதே வீண். ஆயுதத்துக்கு ஒரு புள்ளி, கவசத்துக்கு ஒரு புள்ளி என்று சேர்க்கவும் முடியாது. பட்டியலைச் சுருக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தாயத்தை என்ன செய்வது? எண்ணளவில் அது சிறியது, ஆனால் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது எல்லோர் மனதிலும் ஊறிப்போனது. அந்த உணர்வை வீணாக்கக் கூடாது. முயற்சி தோற்றது, ஆனால் எதிர்பாராத ஒரு வழி திறந்தது என்று தாயத்துக்குப் பொருள் கொடுங்கள். மதகுப் பலகை அசையவில்லை, ஆனால் பலகைக்குப் பின்னால் யாரோ கல்லடுக்கி வைத்திருப்பது தெரிகிறது. மறு ஆட்டத்தையும் சண்டையில் வைத்துக்கொள்ளலாம்: ஐந்தோ ஆறோ விழுந்தால் வெற்றி பெற்ற கையோடு இன்னொரு செயல். ஒரே ஒரு எச்சரிக்கை. கையால் செய்த பழைய கட்டைகளில் முனை தேய்ந்து ஒரு முகமே அதிகம் விழலாம். நூறு தடவையாவது உருட்டிக் குறித்துப் பாருங்கள்.

தோல்வியைப் பற்றியும் தனியாக யோசிக்க வேண்டும். "முயன்றாய், முடியவில்லை" என்பதோடு நிற்கும் விதி ஆட்டத்தைக் கொன்றுவிடும். துப்பறியும் கதைகளில் இது பெரிய தொல்லை: ஒரு பகடை தவறினால் தடயம் கிடைக்காது, கதை அங்கேயே நிற்கும். 2007-இல் ராபின் லாஸ் கம்ஷூ முறையில் இதை வெட்டிப் போட்டார். சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியமான தடயம் கண்டிப்பாகக் கிடைக்கும், பகடையே கிடையாது. கிடைத்ததை வைத்து என்ன செய்கிறாய் என்பதில்தான் ஆட்டம். உங்கள் விதிகளில் ஒவ்வொரு பகடைக்கும் பக்கத்தில் "தோற்றால் என்ன மாறும்?" என்று எழுதிப் பாருங்கள். எதுவும் மாறாது என்றால் அந்த இடத்தில் பகடை வேண்டாம்.

மாயவித்தைக்கு டி அண்ட் டி-யின் வழி, ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று பங்கீடு செய்வது. அதையே ஏன் எடுக்க வேண்டும்? நம் ஊர்களில் அமானுஷ்ய சக்தியோடு மனிதர் வைத்திருக்கும் உறவு வேறு. வேண்டிக்கொள்வோம், நேர்ந்துகொள்வோம், காரியம் முதலில், கடன் பிறகு. இதை விதியாக்கினால் அருமையாக வரும். எப்போது வேண்டுமானாலும் எவ்வளவு பெரிய உதவியும் கேட்கலாம். கேட்ட அளவுக்கு நேர்த்திக்கடனைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், அறுவடைக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அடுத்த ஆண்டு ஒரு கட்டத்தில் நடத்துபவர் அதை வசூலிப்பார். மந்திரம் தீர்ந்துபோகும் கவலை போய், கடன் ஏறிப்போகும் கவலை வரும். அது கதைக்கு நல்ல கவலை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இன்றும் மக்கள் கும்பிடும் அய்யனாரையோ அம்மனையோ பெயர் சொல்லி இழுக்காதீர்கள், அவர்களுக்கு ஹிட் பாயிண்டும் எழுதாதீர்கள். உங்கள் நாடு கற்பனை நாடு. அதற்கென்று காவல் தெய்வங்களை நீங்களே உண்டாக்குங்கள்.

பிறப்பை வைத்துத் திறமையைக் கொடுக்கும் விதியும் வேண்டாம். இன்ன இனத்தில் பிறந்தால் இன்ன பலம் என்று டி அண்ட் டி நெடுங்காலம் வைத்திருந்தது. 2024 பதிப்பில் அந்தச் சலுகைப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, பாத்திரம் முன்பு செய்துவந்த வேலை, வளர்ந்த பின்னணி ஆகியவற்றோடு சேர்த்தார்கள். சேற்றில் இறங்கி நட்டவர்களும் நிலத்தை வைத்திருந்தவர்களும் பிறப்பால் பிரிக்கப்பட்டிருந்த மண் டெல்டா. பழைய காலம் என்ற பெயரில் சாதியை எண்ணாக மாற்றித் தாளில் எழுதினால், அந்த அநீதியை நீங்களே விதியாக்கியதாகிவிடும். ஆளுக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் எழுதுங்கள்: கரை கட்டத் தெரியும், படகு விடத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும். மூன்று போதும்.

விதி எழுதியாகிவிட்டதா? மேசைக்குப் போவதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கு. கொள்ளிடத்து முதலை ஒன்றுக்கு 100 ஹிட் பாயிண்ட் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் தாக்குகிறார்கள், பத்தில் ஆறு அடி படுகிறது, பட்டால் சராசரி 8.5 சேதம். ஓர் ஆளுக்கு 5.1, நாலு பேருக்கு 20.4. முதலை சாக ஐந்து சுற்று. மேசையில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆனால் ஒரே முதலையோடு ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரம் இந்தச் சண்டை தாங்குமா? தாங்காது என்றால் 40-ஆகக் குறையுங்கள். வடிவமைப்பாளர்கள் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுவிடுவார்கள், பல வாரத் தலைவலி மிச்சமாகும்.

அப்புறம் ஆடிப் பார்ப்பது. முதலில் உங்கள் கூட்டத்தோடு, நீங்களே நடத்தி. இதில் பெரிய ஓட்டைகள் தெரியும். ஆனால் உங்கள் நண்பர்களுக்கு உங்கள் மனம் தெரியும்; எழுதாத விதியையும் புரிந்துகொள்வார்கள். ஆகவே அடுத்த கட்டம்தான் உண்மையான சோதனை: உங்களை அறியாத ஒரு குழுவிடம் தாளை மட்டும் கொடுத்து, அவர்களில் ஒருவர் நடத்த, நீங்கள் மூலையில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும். எந்த இடத்தில் தாளைப் புரட்டித் தேடுகிறார்கள், எந்த விதியை மறந்தே போகிறார்கள், எங்கே முன்னால் குனிந்து உட்காருகிறார்கள், எங்கே கைபேசியை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் தப்பாக ஆடினாலும் திருத்தக் கூடாது. மறந்துபோன விதி பெரும்பாலும் தேவையில்லாத விதி. தப்பாக ஆடியது சுவையாக இருந்தால், அதையே விதியாக எடுத்துக்கொண்ட வடிவமைப்பாளர்களும் உண்டு.

முடிந்ததும் "நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "எதைச் செய்ய நினைத்து முடியாமல் போனது?", "எந்த முடிவை எடுக்க அதிக நேரம் யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் தண்ணீரைப் பற்றியதாக இருந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பை 2012 முதலே பொதுமக்களிடம் வரைவாகக் கொடுத்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டேதான் 2014-இல் அச்சிட்டார்கள்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விளையாட்டு முறை என்ற கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வாசகத்துக்கு உண்டு. டி அண்ட் டி-யின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஜனவரி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம். ஆனால் நான் மேலே சொன்ன வழியில் போனால் உங்களுக்கு அது அதிகம் தேவைப்படாது.

இப்போதைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஊர்த்தாளில் மூன்று எண், ஆளுக்கு மூன்று திறமை, தாயக்கட்டை அட்டவணை, நேர்த்திக்கடன் விதி, நான்கு கட்டம். முதல் ஆட்டத்துக்கு நடவுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முறைத்தண்ணீர் வரவேண்டிய இரவில் வாய்க்கால் வறண்டு கிடக்கிறது, மேல்மடைக் காவலர் இருவரைக் காணவில்லை, கீழேயிருந்து கடைமடை ஊர்க்காரர்கள் கம்போடும் விளக்கோடும் வந்துகொண்டிருக்கிறார்கள். இதை மன்னார்குடிப் பக்கமோ மயிலாடுதுறைப் பக்கமோ உங்களைத் தெரியாத ஒரு குழுவிடம் கொடுத்து ஆட வையுங்கள். அவர்கள் எழுதிய ஊர்த்தாளையும் நீங்கள் மூலையில் உட்கார்ந்து எடுத்த குறிப்பையும் அனுப்பினால், அடுத்து எந்த விதியைத் தொடலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.